சீக்காளியைப் பார்க்கப் போன கப்பல்

4 அக்டோபர் 2021, திங்கள்

கப்பல் ஓடப் போகிறது!

காலையில் கேப்டன் எல்லோரையும் சாப்பாட்டு ஹாலுக்கு வரச் சொன்னார். ஒன்றரை வருஷமாக அவர் கூட்டம் போட்டாலே யாரையோ ஊருக்கு அனுப்பப் போகிறார் என்றுதான் அர்த்தம். நானும் மனசுக்குள் பாதிப் பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் போனேன். எங்கள் கேப்டன் கிரேக்க நாட்டுக்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வாங்க', 'சாப்டாச்சா', 'சும்மா இரு' மூன்றும்தான். இன்றைக்கு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

கொரோனா வந்த நாளிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் கட்டிப்போட்ட மாடு போல நிற்கிறது எங்கள் 'லேடி அமராந்தா'. நாங்கள் தமிழ் ஆட்கள் அவளை அமராந்தாக்கா என்போம். அவளுக்கு இப்போது ஒரு பரீட்சை. நிஜப் பயணிகள் கிடையாது. இரண்டு ஊசியும் போட்ட தன்னார்வலர்கள் பயணிகள் மாதிரி ஏறுவார்கள். கடலில் ஒரு சுற்றுச் சுற்றி, எந்த ஊரிலும் நிற்காமல் திரும்பி வர வேண்டும். நடுவில் ஒருவரை 'நோயாளி' என்று அறிவிப்போம். அவரைத் தனி அறையில் வைத்து, நோய் பரவாமல் காப்பாற்றிக் காட்ட வேண்டும். எல்லாமே நாடகம்தான். பார்த்து மார்க் போட டாக்டர் தெய்வசிகாமணி என்ற அதிகாரி வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் கப்பல் ஓடும். போடாவிட்டால் கம்பெனி அக்காவைப் பழைய இரும்புக்கு விற்றுவிடும்.

நர்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டதால் தனிமை அறைக்குப் பொறுப்பு நான். அமலோற்பவம், ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், தூத்துக்குடி. படுக்கை விரிக்கிறவளுக்கு எதற்கு இந்தப் பதவி என்று கேட்டேன். "உன் சத்தம் எட்டு மாடிக்கும் கேட்கும்" என்றார் கேப்டன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா சொன்னது சரிதான்.

சுகிர்தாவுக்குப் போன் போட்டேன். என் அறைத்தோழி, நாகர்கோவில்காரி. போன வருஷம் ஆட்குறைப்பில் ஊருக்குப் போய், இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் அவள் அம்மாவோடு பஜ்ஜிக் கடை போட்டிருக்கிறாள். அவளைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் ஊர் ஊராகக் காத்துக் கிடக்கிறார்கள்.

"எட்டி, நிசமாட்டு ஓடுமா?"

"நான் பொறுப்பு எடுத்திருக்கேம்ல, பெறவென்ன?"

"அதுதாம்ட்டி எனக்குப் பயமா இருக்கு."

7 அக்டோபர், வியாழன்

நாள் முழுக்கத் தரையில் ஸ்டிக்கர் ஒட்டினேன். இங்கே நில், அங்கே நிற்காதே, இந்தப் பக்கம் போ. முதுகு போய்விட்டது. லிப்ட் பொத்தான்களைத் துடைத்துத் துடைத்து ஏழாம் மாடிக்கான எண்ணே அழிந்துவிட்டது. இனி ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இருப்பதை அமுக்கச் சொல்ல வேண்டும்.

கழுத்தில் தொங்கவிட ஆளுக்கொரு டோக்கன் வந்திருக்கிறது. இரண்டு பேர் ரொம்ப நேரம் ஒட்டி நின்றால் அது கீங் கீங் என்று சிணுங்கும். யார் யாரோடு எவ்வளவு நேரம் நின்றார் என்பதும் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். நாங்கள் அதற்குச் சிணுங்கி என்று பெயர் வைத்தோம்.

தன்னார்வலர் கிடைப்பார்களா என்று கேப்டன் கவலைப்பட்டார். பாவம், நம் ஊரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஜனம். கப்பல் பயணத்தை விடுமா? அறைகளைவிட ஆட்கள் அதிகம். எஞ்சின் ரூம் பையனின் மாமியார் உலகம்மை மட்டும் தென்காசியிலிருந்து ஒரு பஸ்ஸே பிடித்துக் கிளப்பி வருகிறாராம்.

8 அக்டோபர், வெள்ளி

கிளம்பிவிட்டோம். சங்கு ஊதியதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒன்றரை வருஷம் கழித்துத் தரை லேசாக ஆடியபோது ஆனந்தத்தில் கால் தடுமாறி ஒரு பூந்தொட்டியில் உட்கார்ந்துவிட்டேன்.

உலகம்மை அக்கா இறங்கும் வரை நீச்சல் குளத்துத் தண்ணீர் உப்பா நல்ல தண்ணியா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. அவர் தம்பியும் வந்திருக்கிறார். பெயர் அம்பலவாணன். கால்நடை மருத்துவர். தனி அறையில் தனியாக இருக்கும் ஒரே ஆண் அவர்தான். கல்யாணம் ஆகவில்லை. இதை நான் விசாரிக்கவில்லை, உலகம்மை அக்காவே சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

9 அக்டோபர், சனி

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் சிரிப்பு வருகிறது. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் 'நோயாளி'யாக அம்பலவாணனைத் தேர்ந்தெடுத்தோம். கவச உடை போட்டுக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன்.

"சார், உங்களுக்குக் கொரோனா."

"அப்படியா மேடம்? சந்தோஷம்."

"சந்தோஷமில்ல சார். காய்ச்சல் இருக்கணும், இருமணும், சோர்வா இருக்கணும். என்ன செய்யுதுன்னு கேட்டா சரியா சொல்லணும்."

மனுஷர் கொஞ்சம் யோசித்தார். "மூக்கு நுனி காஞ்சிருக்கு. காது தொங்கிப் போச்சு. நேத்து ராத்திரியில இருந்து அசை போடல."

"சார், அது மாட்டுக்கு."

"மனுசனுக்கு எனக்குத் தெரியாதே மேடம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை இரண்டாம் தளத்துத் தனிமை அறையில் சேர்த்தேன். நடைவழியின் முனையில் காவலுக்கு ஓர் ஆளும் போட்டாயிற்று. விதிப்படி ஒலிபெருக்கியில் அறிவிப்பும் கொடுத்தோம்: 'கப்பலில் ஒருவருக்கு நோய்த்தொற்று. யாரும் பயப்பட வேண்டாம்.'

யாரும் பயப்படவில்லை. அதுதான் வினையே!

அரை மணி நேரத்தில் கீழே ஒரே சிணுங்கல். கோயிலில் தீபாராதனைக்கு எல்லா மணியையும் சேர்த்து அடிப்பது போல. ஓடிப்போய்ப் பார்த்தால் நடைவழி நிறைய ஜனம். பாதிக் கப்பல் அங்கே நிற்கிறது. ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கையில் ரொட்டி, ஆப்பிள், சாத்துக்குடி. பஃபேயில் இருந்த பழத்தையெல்லாம் அள்ளி வந்திருக்கிறார்கள். காவல்காரனையே ஒரு பழக்கூடையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். அறைக்குள் கட்டிலைச் சுற்றி ஒன்பது பேர். அம்பலவாணன் நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உலகம்மை அக்கா அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, "சூடு இல்லையே" என்று கவலைப்பட்டார்.

"அக்கா! இங்க யாரும் வரக் கூடாது! தொத்து நோய்!"

"அதான் நாடகம்னு சொல்லிட்டிய, பெறவு என்ன புள்ள?"

"நாடகத்துலயும் வரக் கூடாதுக்கா!"

"சீக்காளியப் பாக்கப் போகாம இருக்க முடியுமா? நாளைக்கு ஊருல நாலு பேரு என்ன சொல்லுவாவ? கப்பல்ல தம்பி படுத்துக் கெடந்தான், அக்காக்காரி நீச்சக் கொளத்துல கெடந்தான்னு பேசமாட்டாவளா?"

"சரி, நீங்க அக்கா. மத்தவங்க?"

"நான் போயிட்டு அவுக போகலைன்னா நல்லாவா இருக்கும்?" கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. ஒருவர் வாங்கிவந்த ரொட்டியை எங்கே வைக்கட்டும் என்று என்னையே கேட்டார்.

திரும்பினேன். நடைவழி முனையில் டாக்டர் தெய்வசிகாமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளை ஓடி வந்து அவர் கையிலும் ஒரு சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனது.

10 அக்டோபர், ஞாயிறு

தோல்வி. நாடகத் தொற்று கணக்குப்படி கப்பலில் முக்கால்வாசிப் பேருக்குப் பரவிவிட்டது. கேப்டன் என்னைப் பார்த்து 'சும்மா இரு' என்றார். அவருக்குத் தெரிந்த மூன்றில் அதுதான் பொருத்தம் என்று நினைத்திருப்பார்.

டாக்டர் மட்டும் போகும்போது சொன்னார், "இன்னும் ஒரு வாய்ப்பு தரேன்மா. ஒண்ணே ஒண்ணு. கடைசி வாரம்."

இறங்கும்போது அம்பலவாணன் என்னிடம் வந்து, "மன்னிச்சிருங்க மேடம். நான் நல்லா நடிக்கலையோ?" என்றார். இவ்வளவு நடந்த பிறகும் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். அசட்டு மனுஷர். கண் மட்டும் நல்ல கண்.

12 அக்டோபர், செவ்வாய்

பழைய இரும்புக்காரர்கள் இரண்டு பேர் வந்து கப்பலைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தர்பூசணி வாங்குகிற மாதிரி. அவர்கள் மிதித்த இடத்தையெல்லாம் மூன்று தடவை துடைத்தேன். கோபம் தீரவில்லை.

சுகிர்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், "எட்டி, இந்தக் கப்பலு போச்சுன்னா எனக்கு வேற போக்கு இல்லட்டி" என்று மெதுவாகச் சொன்னாள். அதுவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

15 அக்டோபர், வெள்ளி

மேல்தளத்து அறை ஜன்னல்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே ஆட்கள் நடக்கிற பாதை, உள்ளே கட்டில், நடுவில் கெட்டிக் கண்ணாடி. உள்ளே வேலை பார்த்த பெண் என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். நானும் துருத்தினேன். துருத்திய நாக்கோடு அப்படியே நின்றுவிட்டேன்.

போகாதே என்றால் நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள். சரி, போகட்டும்! ஆனால் இந்தப் பக்கமாகப் போகட்டும். தனிமை அறையை இங்கே மாற்றினால் சீக்காளியைப் பார்க்க ஜன்னல் இருக்கிறது. வெளியே சுவரில் ஒரு போன், வரிசைக்கு ஒரு கயிறு, பழம் ரொட்டி வைக்க ஒரு மேஜை. வந்தேன் பார்த்தேன் என்று முகத்தைக் காட்டியாயிற்று, ஊருக்குப் பதிலும் சொல்லியாயிற்று. கேப்டனிடம் ஓடினேன். பாதி புரியாமலேயே சரி என்றார்.

அம்பலவாணன் போன் செய்தார், அக்கா கேட்கச் சொன்னாராம். என்ன கேட்கச் சொன்னார் என்பது இருபது நிமிஷம் பேசியும் எனக்குத் தெரியவில்லை.

26 அக்டோபர், செவ்வாய்

இரண்டாம் பரீட்சை தொடங்கியது. அதே ஆட்களே வந்திருக்கிறார்கள். செய்த தப்பை நேராக்க வந்தோம் என்று உலகம்மை அக்கா சொன்னார். பஃபேயில் தட்டோடு முதலில் நின்றதும் அவர்தான்.

மாலையில் டாக்டருக்கு என் ஜன்னலைக் காட்டினேன். கயிறு, போன், மேஜை, பூ ஜாடி எல்லாம் பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது.

"இது தனிமை வார்டா, கல்யாண வரவேற்பா? நோயாளியைப் பார்க்க யாருமே வரக் கூடாதுன்னுதானே விதி!"

"வரக் கூடாதுன்னா வருவாங்க சார். வாங்கன்னு சொன்னா நாம சொல்ற இடத்துக்கு வருவாங்க."

"ஜனங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கணும்!"

"எங்க ஜனத்துக்கு நீங்க புரிய வைங்க சார், நான் உட்கார்ந்து பாக்கேன்!"

எனக்கும் குரல் ஏறிவிட்டது. அந்தச் சின்ன அறைக்குள் அவர் ஒரு விதியைச் சொல்ல, நான் ஒரு வழக்கத்தைச் சொல்ல, கத்தி மூச்சு வாங்கியதில் அவர் முகக்கவசம் தாடைக்கு இறங்கிவிட்டது. இரண்டு சிணுங்கியும் கதறிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் சத்தத்தில் இரண்டு பேருக்குமே கேட்கவில்லை. கடைசியில், "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று போய்விட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கப் பாயசம் குடித்தேன்.

27 அக்டோபர், புதன்

மாதாவே!

காலையில் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. வழக்கமானதுதான். கப்பலில் ஒரே ஒருவருக்குத் தொற்று. நாடகமில்லை, நிஜம். டாக்டர் தெய்வசிகாமணிக்கு!

ஏறும்போது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, நேற்று ராத்திரிதான் தொண்டை வலித்ததாம். கேப்டன் கம்ப்யூட்டரைத் தட்டினார். டாக்டரோடு ஒட்டி நின்றவர் யார் யார்? அந்த மனுஷர் முகத்தைப் பார்த்தே எல்லோரும் நாலடி தள்ளித்தான் நிற்பார்கள். அதனால் பெயர்ப் பட்டியலில் ஒரே பெயர். அமலோற்பவம். இருபத்திரண்டு நிமிஷம்.

நான் டாக்டரை வைக்க மேல்தளத்து ஜன்னல் அறையைத் தயார் செய்தேன். பிறகு பக்கத்து அறைக்குள் நானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எல்லோருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தவள் உள்ளே. வெளியே இனி யார் பார்ப்பார்கள்? டாக்டர் உள்ளிருந்தே போனில் கேப்டனிடம் சொன்னாராம்: "நாடகம் ரத்து. இதுதான் பரீட்சை. என்னிடமிருந்து இன்னொருவருக்குப் பரவினாலும் கையெழுத்துக் கிடையாது."

இன்னொருவர் என்றால் வேறு யார்? நான்தான். அமராந்தாக்கா பிழைப்பதும் சாவதும் இப்போது என் மூக்கில் இருக்கிறது.

28 அக்டோபர், வியாழன்

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. கயிறு காற்றில் ஆடியது. சரி, நிஜ நோய் என்றதும் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மனசு விட்டுப்போயிற்று.

பத்து மணிக்கு வந்தார்கள் பாருங்கள்! ஆளுக்கு இரண்டு முகக்கவசம், தள்ளித் தள்ளி, ஸ்டிக்கர் மேல் கால் வைத்து, ஜபமாலை உருட்டுகிற மாதிரி ஒவ்வொருவராக. தலைமை உலகம்மை அக்கா. ஆனால் என் ஜன்னலுக்கு வருவதற்கு முன்னால் டாக்டர் ஜன்னலில்தான் போய் நின்றார். போனில் அவர் பேசியது கண்ணாடி தாண்டிக் கேட்டது.

"அய்யா, எப்டி இருக்கிய? சாப்பிட்டியளா? நம்ம மேல உங்களுக்குக் கோவம் இருக்கும். இருக்கட்டும். ஆவாதவுகளா இருந்தாலும் சீக்காளி சீக்காளிதான். ரொட்டி அந்த மேசையில இருக்கு."

பின்னால் ஒவ்வொருவரும் அவரிடம் அதையே கேட்டார்கள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, வீட்டில் யார் இருக்கிறார்கள். டாக்டருக்கு வீட்டில் யாரும் இல்லையாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஜலதோஷமாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரு சிணுங்கிகூடச் சிணுங்கவில்லை. என்னால் நம்ப முடியவில்லை. உள்ளேயே கட்டிலின் மேல் ஏறிக் குதித்தேன்.

பிறகு என் ஜன்னல். கடைசி ஆள் அம்பலவாணன். போனைக் கையில் எடுத்தார்.

"சொல்லுங்க சார்."

"மூக்கு நுனி ஈரமா இருக்கா?"

"இருக்கு."

"அப்போ சரி." போனை மறு காதுக்கு மாற்றினார். "மேடம்னு கூப்பிடுறது எனக்கு வாயில சரியா வரல."

"வேற எப்படி வருது?"

அதற்குள் பின்னால் அடுத்த சுற்றுக்கு நின்ற உலகம்மை அக்கா, "ஏலே, நேரம் ஆச்சு, மத்தவுகளும் பாக்கணும்ல!" என்று சத்தம் போட்டுவிட்டார். அந்தக் கயிற்றையும் வரிசையையும் கண்டுபிடித்தவளை என்ன சொல்வது!

29 அக்டோபர், வெள்ளி

சென்னை வந்தாயிற்று. இறங்கிய எல்லோருக்கும் பரிசோதனை. ஒருவருக்கும் தொற்று இல்லை. எனக்கும் இன்றைக்கு இல்லை. ஆனால் உள்ளே இருந்து மெதுவாகவும் வெளிப்படுமாம், இன்னும் சில நாள் கழித்து எடுக்கிற பரிசோதனைதான் முடிவு என்று டாக்டர் சுவரைத் தட்டிச் சொன்னார். லேசான காய்ச்சல்தான் என்பதால் அவரும் இங்கேயே இருக்கிறார். சமையல்காரர் அவருக்குக் குழம்பு வைத்து நல்ல பெயர் வாங்குகிறார்.

தென்காசி பஸ் கிளம்புவதை ஜன்னலில் பார்த்தேன். உலகம்மை அக்கா போனில், "எங்க வீட்டுல சாமி வேறயா இருக்கலாம் புள்ள, சாப்பாடு ஒண்ணுதான்" என்றார். எதற்காகச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. புரியவே இல்லை.

31 அக்டோபர், ஞாயிறு

வாசனை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்குச் சோப்பு போதும் என்றார்கள். எனக்குச் சோப்பை நம்ப முடியவில்லை. பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டை எடுத்துப் பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே வைத்து இழுத்தேன். அடேயப்பா! பனிமய மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

ஐந்து நிமிஷத்தில் போன். டாக்டர்.

"ஏம்மா, உன் அறையிலேருந்து ஒரு நாத்தம் வருதே, அது என்ன?"

"உங்களுக்கும் தெரியுதா சார்? அப்போ நீங்க தேறிட்டீங்க!"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாம்ல" என்றார்.

1 நவம்பர், திங்கள்

தொண்டை கரகரக்கிறது. காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்ததாலும் இருக்கலாம். பாடுவதை நிறுத்திவிட்டேன்.

2 நவம்பர், செவ்வாய்

இன்னும் கரகரக்கிறது.

சுகிர்தாவிடம் சொல்லவில்லை. கருவாட்டை நாலு தடவை மோந்தேன். தன்னார்வலர் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போன் போட்டு விசாரித்தாயிற்று, அத்தனை பேரும் நல்லபடி இருக்கிறார்கள். நான் மட்டும்தான் மிச்சம். எனக்கு வந்தால் வரட்டும், நான் தாங்குவேன். ஆனால் என் வாயால், என் சண்டையால் அத்தனை பேர் வேலை போனால் அதை எப்படித் தாங்குவேன்?

அம்பலவாணன் இரண்டு தடவை பேசினார். இரண்டாவது தடவை, "கப்பல் தென்காசிப் பக்கம் வருமா?" என்று கேட்டார். தென்காசியில் ஏது கடல்? அசடு. கிறிஸ்மஸ் லீவு கிடைத்தால் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குத் தென்காசி வழியாகவும் ரயிலில் போகலாமா என்று பார்த்தேன். போகலாம். சுற்று வழிதான். பரவாயில்லை.

3 நவம்பர், புதன்

மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போய்விட்டார்கள். முடிவு நாளைக்கு. டாக்டர் கைக்குத்தான் முதலில் போகும். அவர் கையெழுத்துப் போட்டால் கேப்டன் சங்கை மூன்று தடவை நீளமாக ஊதுவார். இல்லாவிட்டால் ஊத மாட்டார்.

ஜெபம் சொல்ல உட்கார்ந்தேன், பாதியில் எதற்கு ஜெபிக்கிறேன் என்றே மறந்துவிட்டது. 'கப்பல், கப்பல்' என்று மட்டும் சொன்னேன். மாதாவுக்குப் புரியும்.

4 நவம்பர், வியாழன், தீபாவளி

விடியற்காலையிலிருந்து ஊர்ப் பக்கம் ஒரே வெடிச் சத்தம். ஒவ்வொரு அணுகுண்டுக்கும் சங்கு என்று நினைத்துத் துள்ளி எழுந்தேன். இட்லி இறங்கவில்லை. கரகரப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தொண்டையைச் செருமிச் செருமி இல்லாத கரகரப்பையும் வரவழைத்துக்கொண்டேன்.

பத்தரை மணி இருக்கும். சங்கு ஊதியது.

ஒன்று. நீளமாக, தரையே அதிர. மேல்தளத்தில் யாரோ கத்தினார்கள். நான் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.

இரண்டு. பாதி ஊதியதுமே சட்டென்று நின்றுவிட்டது.

நான் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. வெடிச் சத்தம் மட்டும். ஒன்றரை ஊதலுக்கு என்ன அர்த்தம்? தப்பாக ஊதிவிட்டார்களா? கையெழுத்துப் போட்டபின் டாக்டர் அதை அடித்துவிட்டாரா? அந்த நேரம் என் உயிர் என்னிடம் இல்லை. போன் அடித்தது. எடுத்தேன்.

"ஏம்மா அமலோற்பவம், நான்தான் அந்த ஊதலை நிறுத்தச் சொன்னேன். மண்டை இடிக்குது. நோயாளி இருக்கிற இடத்துல இப்படியா அலற விடுவாங்க?"

"சார்... கையெழுத்து?"

"போடாமலா ஊதினாங்க? நீ நெகட்டிவ்மா. யாருக்கும் பரவல. உன் கப்பல் ஓடலாம்." கொஞ்சம் இருமிக்கொண்டார். "ரிப்போர்ட்டுல ஒரு வரி சேர்த்திருக்கேன். நோயாளியைப் பார்க்க ஜன்னல் வைக்காத எந்தக் கப்பலுக்கும் இனிமே நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்தவாட்டி சண்டை போடறதா இருந்தா மட்டும் எட்டி நின்னு போடு."

அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதேன். பிறகு சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போன் போட்டேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சல், எண்ணெய் கொதிக்கிற சத்தம்.

"எட்டி சுகிர்தா. கப்பல் ஓடுது."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், "அக்கா, நாலு பஜ்ஜி" என்றது.

"பஜ்ஜி இல்ல. கட மூடியாச்சு."

"எண்ணெயில கெடக்கே?"

"அது எனக்க அம்மைக்கு." கரண்டியை எங்கேயோ போட்ட சத்தம் கேட்டது. அப்புறம் அவள் அழுவதும் கேட்டது. நான் என்னென்னவோ சொன்னேன், எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கடைசியாக மூக்கைச் சிந்திக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"எட்டி, ஒன்றர வருசமா பஜ்ஜியாத் தின்னாச்சு. எனக்க யூனிஃபாரம் இடுப்புல ஏறுமாட்டி?"

"ஏறும்" என்றேன். "ஏறலைன்னா பிரிச்சுத் தச்சுக்கலாம். நீ கெளம்பி வா."